பழைய செஸ் ஆட்டம் ஒன்றை எடுத்து, அதன் ஓப்பனிங்கோடு சேர்த்துப் படிப்பது எப்படி

பதிவான செஸ் ஆட்டங்களை நிறையப் பேர் பார்க்கும் விதம் இதுதான்: ஃபைலைத் திறப்பார்கள், வலதுபக்க அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போவார்கள், நாற்பது மூவும் இரண்டு நிமிடத்தில் ஓடி முடிந்துவிடும், ‘பிரமாதம்’ என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குத் தாவிவிடுவார்கள். ரசிப்பதற்கு இது போதும், தப்பே இல்லை. ஆனால் அந்த ஆட்டத்திலிருந்து நம் கைக்கு ஏதாவது வந்து சேர வேண்டும் என்றால் வேறு மாதிரி உட்கார வேண்டும். இன்னொரு பக்கம், ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க மூவ்கள்) படிப்பவர்கள் முதல் பத்துப் பன்னிரண்டு மூவை மனப்பாடம் செய்கிறார்கள், அதோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள், பதின்மூன்றாவது மூவில் எதிராளி கொஞ்சம் மாற்றி ஆடியதும் என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கிறார்கள். இந்த இரண்டையும் தனித்தனியாகச் செய்வதுதான் சிக்கல் என்று நான் நினைக்கிறேன். ஒரு ஓப்பனிங் எதற்காக அப்படி ஆடப்படுகிறது என்பது இருபதாவது மூவில்தான் தெரியும், அதனால் ஆட்டத்தை முழுதாகப் பார்த்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து ஓப்பனிங்கைப் படிக்க வேண்டும்.

வெறும் முறையை மட்டும் சொன்னால் மனதில் நிற்காது, அதனால் ஒரே ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். 1972 ஜூலை 23 அன்று ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில், உலக சாம்பியன்ஷிப்பின் ஆறாவது ஆட்டம். வெள்ளை பாபி ஃபிஷர், கறுப்பு போரிஸ் ஸ்பாஸ்கி. அதற்கு முன் இருவரும் இரண்டரைப் புள்ளிகளோடு சமநிலையில் இருந்தார்கள், இந்த ஆட்டத்தில்தான் ஃபிஷர் முதல்முறையாக முன்னிலைக்கு வந்தார். ஆட்டம் முடிந்ததும் அரங்கில் இருந்தவர்கள் கைதட்ட, தோற்ற ஸ்பாஸ்கியும் சேர்ந்து கைதட்டினார். 41 மூவ், மிடில் கேமில் (ஆட்டத்தின் நடுப்பகுதியில்) தெளிவான திட்டம், ஓப்பனிங்கில் பின்னாளில் வந்த ஒரு திருத்தம் என்று படிப்பதற்குத் தேவையான எல்லாமே இதில் இருக்கிறது.

முதலில் ஆட்டத்தின் பதிவு வேண்டும். இணையத்தில் இந்த ஆட்டம் எங்கே தேடினாலும் பிஜிஎன் வடிவத்தில் கிடைக்கும். 1993-இல் உருவான அந்த வடிவம் வெறும் எழுத்துக் கோப்புதான், எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம். மேலே சதுர அடைப்புக்குறிக்குள் போட்டியின் பெயர், இடம், தேதி, சுற்று, வெள்ளை, கறுப்பு, முடிவு என்று ஏழு விவரங்கள் இருக்கும், தேதி ஆண்டிலிருந்து தொடங்கி மாதம், நாள் என்று வரும். அதற்குக் கீழே மூவ்கள். இந்த மேல்பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள், யார் வெள்ளை, எந்தச் சுற்று, அந்த நேரத்தில் யாருக்கு வெற்றி தேவைப்பட்டது என்பது தெரிந்தால் சில மூவ்களுக்கு அங்கேயே பதில் கிடைக்கும். அப்புறம், ஒரே ஆட்டம் வேறு வேறு இடங்களில் சின்னப் பிழையோடு கிடக்கும். கடைசி மூவுக்கும் எழுதியிருக்கும் முடிவுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி தெரிந்தால் இன்னொரு இடத்திலும் சரிபார்த்துவிடுங்கள்.

குறியீட்டில் தடுமாறுகிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். ஒரே வகைக் காய் இரண்டு ஒரே கட்டத்துக்குப் போக முடியும்போது, எந்தக் காய் போனது என்று காட்ட நடுவில் ஒரு எழுத்தோ எண்ணோ சேர்ப்பார்கள். இந்த ஆட்டத்தின் 34-ஆவது மூவில் ஃபிஷரின் இரண்டு யானைகளும் எஃப் வரிசையில் நிற்கின்றன, ஒன்று எஃப்5-இல், மற்றது எஃப்1-இல். இரண்டுமே எஃப்2-க்குப் போகலாம். அதனால் பதிவில் யானையின் எழுத்துக்குப் பிறகு 1 போட்டு, கீழே நிற்கும் யானைதான் போனது என்று எழுதியிருப்பார்கள். இதைக் கவனிக்காமல் தவறான யானையை நகர்த்திவிட்டால் அடுத்த மூவிலேயே பலகை குழம்பிவிடும். (யானை என்று நான் எழுதுவது மூலையில் நிற்கும் ரூக்கை. கட்டங்களை இ4, டி5 என்றே எழுதுகிறேன்.)

நிஜப் பலகை இருந்தால் அதில் வையுங்கள். திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் காய் தானாக நகர்ந்துவிடுகிறது, கண் அதைப் பார்க்கிறது, மூளை சும்மா இருக்கிறது. கையால் எடுத்து வைக்கும்போது, வெட்டப்பட்ட காயை ஓரமாக வைக்கும்போது, வேகம் தானாகக் குறையும். பலகை இல்லையென்றால் லிச்செஸ் தளத்தில் ‘ஸ்டடி’ என்று ஒரு வசதி இருக்கிறது, இலவசம். அதில் ஒரு அத்தியாயம் உருவாக்கி பிஜிஎன்-ஐ ஒட்டும்போது, அடுத்த மூவ்களை மறைத்து வைக்கச் சொல்லும் ஒரு தேர்வு வரும், அதைத் தேர்ந்தெடுங்கள். ஏன் என்று கொஞ்சம் கீழே சொல்கிறேன். எஞ்சினை, அதாவது நிலையை மதிப்பிட்டு நல்ல மூவைச் சொல்லும் நிரலை, அணைத்து வையுங்கள். இது ரொம்ப முக்கியம், ஓரத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டும் அந்த எண் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் நீங்கள் யோசிக்கவே மாட்டீர்கள்.

முதல் சுற்று: வேகமாக, நிறுத்தாமல்

முதல் தடவை முழு ஆட்டத்தையும் பத்து நிமிடத்துக்குள் ஓட்டிப் பாருங்கள். எதையும் புரிந்துகொள்ள மெனக்கெட வேண்டாம். கதை என்ன என்று மட்டும் பிடித்தால் போதும்: எங்கே காய்கள் அதிகமாக வெட்டுப்பட்டன, எந்தப் பக்கம் தாக்குதல் நடந்தது, எப்போது ஒருவர் கை ஓங்கிவிட்டது என்று உங்களுக்குத் தோன்றியது. முடிந்ததும் இரண்டு வரி எழுதுங்கள். இந்த ஆட்டத்துக்கு அது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: ‘நடுவில் கறுப்பின் சிப்பாய்கள் பலவீனமாகிவிட்டன, வெள்ளை இ சிப்பாயையும் எஃப் சிப்பாயையும் தள்ளி ராஜா பக்கம் நுழைந்துவிட்டது. கறுப்பு கடைசியில் ராணியை இ8-க்கும் டி8-க்கும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தது.’ இது தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு திரும்பி வந்து படித்துப் பார்ப்பதற்கு ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது சுற்று: மறைத்து, ஊகித்து

உழைப்பு முழுக்க இங்கேதான். ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள், முதல் முறை ஜெயித்தவர் பக்கம். பதிவை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு மூவுக்கும் முன்னால் ‘நான் என்றால் என்ன ஆடுவேன்’ என்று முடிவு செய்து எழுதிவிட்டுத்தான் அடுத்த மூவைத் திறக்க வேண்டும். மனதுக்குள் நினைத்தால் போதாது, எழுதியே ஆக வேண்டும், இல்லையென்றால் சரியான மூவைப் பார்த்ததும் ‘அதைத்தான் நானும் நினைத்தேன்’ என்று மனசு சொல்லிவிடும். முதல் பத்து மூவுக்கு இதைச் செய்யத் தேவையில்லை, அது ஓப்பனிங், அதற்குத் தனியாக வருகிறோம். பதினொன்றில் தொடங்குங்கள்.

அந்த நிலைக்கு வந்து சேர மூவ்கள் இவை, பலகையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பிறகும் முதலில் வெள்ளையின் மூவ், அடுத்து கறுப்பின் மூவ். 1.சி4 இ6, 2.குதிரை எஃப்3 டி5, 3.டி4 குதிரை எஃப்6, 4.குதிரை சி3 பிஷப் இ7, 5.பிஷப் ஜி5, கறுப்பு ராஜா பக்கம் கேஸ்லிங், 6.இ3 ஹெச்6, 7.பிஷப் ஹெச்4 பி6. எட்டாவது மூவில் வெள்ளையின் சி சிப்பாய் டி5-இல் வெட்டுகிறது, கறுப்புக் குதிரை அதைத் திரும்ப வெட்டுகிறது. ஒன்பதில் வெள்ளை பிஷப் இ7 பிஷப்பை வெட்ட, ராணி திரும்ப எடுக்கிறது. பத்தில் வெள்ளைக் குதிரை டி5 குதிரையை வெட்ட, கறுப்பு இ சிப்பாயால் எடுக்கிறது. பிறகு 11.யானை சி1 பிஷப் இ6, 12.ராணி ஏ4 சி5, 13.ராணி ஏ3 யானை சி8, 14.பிஷப் பி5 ஏ6.

இப்போது 15-ஆவது மூவ், வெள்ளையின் முறை. பி5 பிஷப்பை ஏ6 சிப்பாய் தாக்கிக்கொண்டிருக்கிறது. நிறையப் பேர் உடனே பிஷப்பை நகர்த்துவார்கள். ஃபிஷர் நகர்த்தவில்லை, டி சிப்பாயால் சி5-இல் வெட்டினார். சரி, பிஷப்பை ஏன் கறுப்பு எடுக்கவில்லை? இங்கே நின்று பலகையைப் பாருங்கள். ஏ6 சிப்பாய் பி5-க்குப் போய்விட்டால் ஏ வரிசை திறந்துவிடும், ஏ3-இல் நிற்கும் ராணி நேராக ஏ8 யானையைப் பிடித்துவிடும், அந்த யானைக்குக் காவல் இல்லை, ஏனென்றால் சி8 யானைக்கும் அதற்கும் நடுவில் பி8-இல் குதிரை இன்னும் வெளியே வராமல் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஸ்பாஸ்கி பி சிப்பாயால் சி5-ஐத் திரும்ப எடுத்தார். ஃபிஷர் அப்போதும் பிஷப்பை அப்படியே விட்டுவிட்டுக் கேஸ்லிங் செய்தார். கறுப்பு யானை ஏ7-க்கு வந்து இ7-இல் நிற்கும் தன் ராணியின் காவலுக்குள் நுழைந்த பிறகுதான், அதாவது மிரட்டல் நிஜமான பிறகுதான், பிஷப் இ2-க்குப் பின்வாங்கியது. இந்த மூன்று மூவுக்கு மட்டும் கால் மணி நேரம் செலவழித்தாலும் தகும்.

அடுத்தது 17...குதிரை டி7-க்குப் (மூன்று புள்ளி போட்டால் அது கறுப்பின் மூவ்) பிறகு 18.குதிரை டி4. குதிரை சி5 சிப்பாயின் வாயிலேயே போய் நிற்கிறது. வெட்டினால் என்ன? சி5 சிப்பாய் அங்கிருந்து விலகிய கணமே ஏ3-இலிருந்து இ7 வரை மூலைவிட்டம் திறக்கிறது, கறுப்பு ராணி இ7-இல் காவல் இல்லாமல் நிற்கிறது, போய்விடும். சிப்பாய் கட்டுண்டு கிடக்கிறது. ஸ்பாஸ்கி ராணியை எஃப்8-க்கு நகர்த்தினார். அதுவும் அதே மூலைவிட்டம்தானே என்று தோன்றும், ஆனால் எஃப்8-இல் ராணிக்கு ராஜா, குதிரை, யானை மூன்றின் காவலும் இருக்கிறது, அதனால் இப்போது டி4 குதிரையை நிஜமாகவே வெட்டலாம். உடனே ஃபிஷர் அந்தக் குதிரையால் இ6 பிஷப்பை வெட்டிவிட்டார், கறுப்பு எஃப் சிப்பாயால் எடுத்தது, பிறகு 20.இ4. ஒரு காய் ‘காவலில்’ இருக்கிறதா இல்லையா என்கிற ஒரே கேள்விதான் இந்த ஆறு மூவையும் நடத்துகிறது.

ஊகிக்கும்போது மதிப்பெண் போட்டுக்கொள்ள ஆசைப்படுபவர்கள் உண்டு. போடலாம், ஆனால் எத்தனை சரியாகச் சொன்னீர்கள் என்பது பெரிய விஷயமில்லை, நீங்கள் சொன்னதும் அவர் ஆடியதும் எங்கே வேறுபட்டது என்பதுதான் பார்க்க வேண்டியது. வித்தியாசம் வந்த இடத்தில் ஒரு கேள்வியை எழுதி வையுங்கள்: ‘20-இல் நான் யானையை டி வரிசைக்குக் கொண்டுவர நினைத்தேன், அவர் ஏன் சிப்பாயைத் தள்ளினார்?’ என்பது மாதிரி. பதில் அப்போதே தெரிய வேண்டியதில்லை.

ஜெயித்த பக்கம் முடிந்ததும் தோற்ற பக்கம் உட்காருங்கள். இதை ஏனோ யாரும் செய்வதில்லை, எனக்கு இதில்தான் அதிகம் கிடைக்கிறது. 20.இ4-க்கு ஸ்பாஸ்கி டி4 என்று சிப்பாயை முன்னே தள்ளினார். பார்க்க நல்ல மூவ், சி5 சிப்பாயின் காவலோடு ஒரு சிப்பாய் முன்னேறுகிறது. ஆனால் டி5 கட்டத்தில் சிப்பாய் இருந்தவரை வெள்ளை பிஷப்புக்குச் சி4 கிடையாது, இப்போது கிடைத்துவிட்டது, அங்கிருந்து பார்த்தால் நேர் எதிரே இ6 சிப்பாய், அதற்குப் பின்னால் கறுப்பு ராஜா. 21.எஃப்4, 22.இ5, 23.பிஷப் சி4 என்று மூன்றே மூவில் பிஷப் பலகையின் மிகச் சிறந்த காயாகிவிடுகிறது. ஆட்டத்தை ஆராய்ந்தவர்கள் பலரும் குறை சொன்ன மூவ் இது. நீங்கள் கறுப்பாக இருந்தால் 20-இல் என்ன ஆடியிருப்பீர்கள்? இரண்டு மூன்று மாற்று மூவ்களை யோசித்து, ஒவ்வொன்றையும் நாலைந்து மூவ் வரை எழுதி வையுங்கள். பிறகு சரிபார்க்கலாம்.

கடைசிப் பகுதியில் ஒரு இடம் மட்டும் நின்று பாருங்கள். 36.பிஷப் டி3, 37.ராணி இ4 ஆடியதும் பிஷப்பும் ராணியும் ஒரே மூலைவிட்டத்தில் ஹெச்7 குதிரையைப் பார்க்கின்றன. மிரட்டல் என்ன என்று நகர்த்தாமல் கண்டுபிடியுங்கள். யானை எஃப்8-இல் செக், குதிரை வெட்டும், இரண்டாவது யானை அதை வெட்டி மறுபடி செக், ராணி வெட்டும், ஹெச்7 இப்போது காலி, ராணி அங்கே போய் மேட். இரண்டு யானையையும் கொடுத்துவிட்டு மேட். இதைத் தடுக்கத்தான் ஸ்பாஸ்கி குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்தார், ஃபிஷர் யானையைக் கொடுத்து அதை வெட்டினார், நாலு மூவில் ஆட்டம் முடிந்தது.

இப்போது ஓப்பனிங்குக்குத் திரும்புவோம்

முதல் மூவ் சி4, அதனால் இதை ‘இங்கிலீஷ் ஓப்பனிங்’ என்று குறித்துக்கொள்ளத் தோன்றும். மூன்றாவது மூவில் டி4 வந்ததுமே இது க்வீன்ஸ் காம்பிட் டிக்ளைண்ட் ஆகிவிட்டது. ஓப்பனிங்குக்குப் பெயர் தருவது வந்து சேர்ந்த நிலை, எந்த வழியாக வந்தது என்பது இல்லை. ஏழாவது மூவில் கறுப்பு பி6 ஆடியதும் இது டார்டகோவர் டிஃபென்ஸ். ஓப்பனிங்குகளை ஏ00 முதல் இ99 வரை ஐந்நூறு குறியீடுகளாகப் பிரித்திருக்கிறார்கள், அதில் இந்த நிலை டி59. தரவுத்தளத்தில் அந்தக் குறியீட்டைப் போட்டுத் தேடினால் இதே குடும்பத்து ஆட்டங்கள் வரிசையாக வரும். பொதுவாக 1.இ4 ஆடிக்கொண்டிருந்த ஃபிஷர், ஸ்பாஸ்கிக்கு நன்கு பழக்கமான இந்த நிலைக்குள் தானாகவே நடந்து வந்தார் என்பது அன்று பெரிய ஆச்சரியம்.

இனி கேள்விகளைப் பின்னாலிருந்து கேளுங்கள். இருபதாவது மூவில் கறுப்புக்கு என்ன பிரச்சினை? சி5, டி5 சிப்பாய்கள். பக்கத்து வரிசைகளில் காவலுக்கு வேறு சிப்பாய் இல்லாமல் அந்தரத்தில் நின்றவை, தொங்கும் சிப்பாய்கள் என்பார்கள். சரி, அவை எப்போது உருவாயின? 15-ஆவது மூவில், வெள்ளை சி5-இல் வெட்டி, கறுப்பு பி சிப்பாயால் எடுத்தபோது. கறுப்பு ஏன் சி5 ஆடியது? ஆடாவிட்டால் சி7 சிப்பாய் திறந்த சி வரிசையில் வெள்ளை யானைக்கு எதிரே காலம் முழுக்க நின்றுகொண்டிருக்கும். அந்த வரிசை எப்படித் திறந்தது? எட்டாவது மூவில் வெள்ளை டி5-இல் வெட்டியதால். இப்படி இழுத்துக்கொண்டே வந்தால் எட்டாவது மூவிலேயே வந்து நிற்பீர்கள்.

அந்த மூவைத் தனியாகப் பாருங்கள். கறுப்பு ஏழாவது மூவில் பி6 ஆடுவது சி8 பிஷப்பைப் பி7-க்குக் கொண்டுவந்து நீண்ட மூலைவிட்டத்தில் நிறுத்துவதற்காக. க்வீன்ஸ் காம்பிட் டிக்ளைண்டில் கறுப்புக்கு எப்போதும் தலைவலி தருவது அந்த பிஷப்தான், இ6 சிப்பாய் அதன் வழியை அடைத்துவிடும். பி6 அதற்கு நல்ல விடை. அதற்கு வெள்ளையின் பதில்: டி5-இல் வெட்டு, குதிரையைக் கடைசியில் டி5-இல் கொடுத்து வெட்டவை, கறுப்பு இ சிப்பாயால் எடுக்கட்டும். இப்போது டி5-இல் கறுப்பின் சொந்தச் சிப்பாய், பி7-க்குப் பிஷப் வந்தால் தன் சிப்பாயையே பார்த்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் ஸ்பாஸ்கி பிஷப்பைப் பி7-க்குப் பதில் இ6-க்குக் கொண்டுவந்தார். பி6 ஆடியதன் நோக்கமே அங்கே மாறிவிட்டது, பி சிப்பாய் முன்னேறியது மட்டும் மிச்சம்.

இன்னொன்றும் கவனியுங்கள். 8, 9, 10 மூன்று மூவிலும் வெட்டு. ஒரு ஜோடி சிப்பாய், ஒரு ஜோடி பிஷப், இரண்டு ஜோடிக் குதிரைகளில் ஒன்று பலகையை விட்டுப் போகின்றன. தொங்கும் சிப்பாய்களோடு ஆடுபவருக்குக் காய்கள் நிறைய இருந்தால் அவற்றுக்கு நடுவில் நல்ல இடம் கிடைக்கும், தாக்கலாம். காய்கள் குறையக் குறைய அந்தச் சிப்பாய்கள் வெறும் காவல் வேலை ஆகிவிடும். ஆகவே அந்த வெட்டுகள் ஆட்டத்தை எளிமையாக்குவதற்காக நடந்தவை இல்லை, பின்னால் வரப்போகும் சிப்பாய் அமைப்புக்கான முன்னேற்பாடு. அதற்கப்புறம் சி1 யானை, ஏ3 ராணி, டி4 சிப்பாய் மூன்றும் சி5-ஐயே பார்க்கின்றன. இதைப் பார்த்த பிறகு, 11 முதல் 14 வரை உள்ள மூவ்களை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இருக்காது, நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

இந்த இடத்தில் நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: சிப்பாய் அமைப்பு என்ன, யாருடைய காய் எங்கே போக விரும்புகிறது, எந்தச் சிப்பாயைத் தள்ளி நிலையைத் திறக்கிறார்கள். மூவ் வரிசையை எழுதாதீர்கள், அது ஃபைலில் இருக்கிறது. உங்கள் சொந்த வார்த்தையில், பேசுகிற மாதிரி எழுதுங்கள், ஆறு மாதம் கழித்துப் படித்தால் புரிய வேண்டும்.

உறவுக்கார ஆட்டங்கள்

ஒரு ஆட்டத்தை மட்டும் படித்தால் ‘வெள்ளைக்கு எளிதான வெற்றி’ என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். அதே நிலையிலிருந்து மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தே ஆக வேண்டும். 14.பிஷப் பி5 ஃபிஷரின் கண்டுபிடிப்பும் இல்லை, செமியோன் ஃபுர்மன் அதற்கு முன்பே எஃபிம் கெல்லருக்கு எதிராக ஆடியிருந்தார். அந்தக் கெல்லர்தான் ரெய்க்யவிக்கில் ஸ்பாஸ்கியின் உதவியாளர்களில் ஒருவர். 1973-இல் ஹில்வெர்சமில் யான் டிம்மன் இதே வரிசையை வெள்ளையாக ஆட, எதிரே உட்கார்ந்திருந்தவர் கெல்லர். ஏ6-க்குப் பதிலாக 14...ராணி பி7 ஆடினார். ராணி அந்த ஏ3 – எஃப்8 மூலைவிட்டத்தை விட்டே விலகிவிடுகிறது, பி6 சிப்பாய் சி5-இல் வெட்டி விலகியதும் பி5 பிஷப்பையும் தாக்கும். வெள்ளை சி5-இல் சிப்பாயை ஜெயிக்கலாம், டிம்மன் ஜெயித்தார், ஆனால் யானைகள் பரிமாறிய பிறகு கறுப்புக் குதிரை ஏ6-க்கு வந்தது, பிஷப் அதை வெட்ட, ராணி ஏ6-இல் எடுத்தது. இப்போது ஏ6 ராணி எஃப்1 வரை பார்க்கிறது, வெள்ளை ராஜா ராஜா பக்கம் கேஸ்லிங் செய்ய முடியாமல் நடுவில் மாட்டிக்கொண்டது. கெல்லர் ஜெயித்தார். ஒரே ஒரு மூவ் மாறியதும் முழு ஓப்பனிங்கின் மதிப்பீடும் மாறிவிடுகிறது. இந்த இரண்டு ஆட்டங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவருக்கு 14-ஆவது மூவ் வாழ்நாளில் மறக்காது.

இப்படிப்பட்ட ஆட்டங்களைத் தேட லிச்செஸின் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரர் போதும், மாஸ்டர்கள் ஆடியதை மட்டும் காட்டச் சொல்லலாம். பலகையில் இருக்கும் நிலையை வைத்துத் தேடுவதால் எந்த வரிசையில் வந்தாலும் ஆட்டம் சிக்கும். அதில் காட்டும் வெற்றி சதவீதத்தை அப்படியே நம்பாதீர்கள். பத்து ஆட்டம் கூட இல்லாத இடத்தில் எண்பது சதவீதம் என்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை, பலமான ஆட்டக்காரர் ஒருவர் அதை நாலு தடவை ஆடியிருந்தாலே எண் ஏறிவிடும். கீழே ஆட்டங்களின் பட்டியல் வரும், அதிலிருந்து மூன்று நான்கைத் திறந்து, இருபதாவது மூவ் சமயத்தில் சிப்பாய்கள் எப்படி நிற்கின்றன என்று மட்டும் பாருங்கள். எட்டாவது மூவிலேயே கிளை பிரிவதையும் பார்க்கலாம்: 8.பிஷப் இ2 அல்லது 8.பிஷப் டி3 என்று வெள்ளை வெட்டாமல் விட்டால் கறுப்பு பிஷப் விரும்பியபடி பி7-க்கு வந்துவிடும், ஆட்டமே வேறு. கார்ப்போவ், காஸ்பரோவ் இருவரும் 1984-85 உலக சாம்பியன்ஷிப்பில் டார்டகோவரைத் திரும்பத் திரும்ப ஆடினார்கள், அவற்றில் இரண்டை எடுத்துப் பார்த்தால் போதும்.

எஞ்சினை எப்போது திறப்பது

கடைசியில். கேள்விகள் எல்லாம் எழுதி முடிந்த பிறகு, ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினை ஆன் செய்து, உங்கள் கேள்வி இருக்கும் இடங்களுக்கு மட்டும் போங்கள். 20-இல் நீங்கள் யோசித்த மாற்று மூவை ஆடிப் பாருங்கள், எஞ்சின் அதற்கு என்ன பதில் சொல்கிறது, அந்தப் பதிலை நீங்கள் முன்பே பார்த்தீர்களா. எஞ்சின் சொல்லும் முதல் மூவ் புரியவில்லையென்றால் அதை ஏற்றுக்கொண்டு நகராதீர்கள், உங்களுக்கு இயல்பாகத் தோன்றும் மூவை ஆடி, எஞ்சின் அதை எப்படித் தண்டிக்கிறது என்று பாருங்கள், பெரும்பாலும் இரண்டு மூன்று மூவில் காரணம் வெளியே வந்துவிடும். வராவிட்டால் விட்டுவிடுங்கள். பத்து மூவ் தள்ளி வரும் 0.2 (ஒரு சிப்பாயின் மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கு) வித்தியாசத்துக்கு நம் அளவில் எந்தப் பயனும் இல்லை. மிரட்டல்கள், விட்டுப்போன தந்திரங்கள் இவற்றில் எஞ்சின் சொல்வதை முழுதாக நம்பலாம், திட்டம் என்ன என்பதை அது வார்த்தையில் சொல்லாது, அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

உங்கள் சொந்த ஆட்டத்துக்கும் இதே வரிசைதான், ஒரு மாற்றத்தோடு: ஆடி முடித்த அன்றே, எஞ்சினைத் தொடுவதற்கு முன்னால், எந்த மூவில் என்ன நினைத்தீர்கள் என்று எழுதிவிடுங்கள், மறுநாள் அது நினைவிருக்காது. பிறகு உங்கள் ஓப்பனிங் எந்த மூவில் மாஸ்டர் ஆட்டங்களிலிருந்து பிரிந்தது என்று எக்ஸ்ப்ளோரரில் தேடி, அந்த இடத்தில் அவர்கள் ஆடியதை ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஆட்டத்துக்கு ஒரு வரி போதும், பத்து வரி எழுதினால் எதுவும் நிற்காது.

ஒரு வாரம் கழித்து வெறும் பலகையை எடுத்து, பதிவைப் பார்க்காமல் 14-ஆவது மூவ் நிலையை வைக்க முடிகிறதா என்று பாருங்கள். மூவ்களை ஒப்பிக்க வேண்டாம், காரணங்களைச் சொல்லிக்கொண்டே வையுங்கள்: பி7 பிஷப்பை அடைப்பதற்காக வெட்டு, சி5-ஐப் பார்க்க யானை, ராணி. எங்காவது மாட்டிக்கொண்டால் அந்த மூவின் காரணம் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம், அதை மட்டும் திரும்பப் பாருங்கள். அப்புறம் டிம்மன் – கெல்லர் ஆட்டத்தை எடுங்கள், இந்த முறை கறுப்பு பக்கம் உட்கார்ந்து, 14...ராணி பி7-க்குப் பிறகு ஒவ்வொரு மூவையும் மறைத்து வைத்துக் கெல்லரை ஊகிக்கத் தொடங்குங்கள். 17-ஆவது மூவில் அந்தக் குதிரை ஏன் விளிம்பில் இருக்கும் ஏ6-க்குப் போகிறது என்பதை, திறந்து பார்ப்பதற்கு முன்னால் எழுதிவிடுங்கள்.